நூற்று அறுபது நொடி

பஸ் டிப்போவில் இருபத்தாறு வருஷம் டைம் கீப்பராக இருந்தவன் நான். என் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் சுவர்க் கடிகாரத்தைத் திருத்துவார்கள். அதனால்தான் ஐயா, உங்கள் போலீஸ் ரிப்போர்ட்டில் ஒரு வரி எனக்கு உறுத்துகிறது. ‘மைத்துனர் நொடிகளை எண்ணியதில் ஏற்பட்ட பிசகால் விபத்து.’ நான் எண்ணியதில் பிசகே இல்லை. அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர், தையல்காரர். எங்கள் இருவருக்கும் வானத்துப் பைத்தியம். தோளில் மாட்டிக்கொண்டு போகிற மாதிரி ஒரு டெலஸ்கோப் வாங்கினோம். அதற்குக் கறுப்பு கான்வாஸில் பை தைத்தவர் அவர்தான். கேமரா கார்டுக்கென்று உள்ளே தனியாக ஒரு குட்டிப் பாக்கெட்டும் வைத்தார்.

“இதுக்குள்ள போட்டா எமனே வந்தாலும் எடுக்க முடியாது மச்சான்” என்பார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வெள்ளி கிரகம் சூரியனுக்குக் குறுக்கே போனது. மறுபடி போக நூறு வருஷத்துக்கு மேலாகும். மொட்டை மாடியில் ஆறு மணி நேரம் நின்று படமெடுத்தேன். கழுத்துத் தோல் உரிந்துவிட்டது. கீழே வந்து பார்த்தால் கேமராவில் இருந்தது கடைசி அரை மணி நேரம் மட்டும். அதுவும் வெறும் மேகம்.

“கார்டு நிறைஞ்சிடுச்சுன்னு நான்தான் மாத்தினேன் மச்சான். பழசைப் பையிலதான் போட்டேன்.”

பையைத் தலைகீழாகக் கொட்டினோம். இல்லை.

அடுத்த மாதம் ஒரு வாரப் பத்திரிகையில் வெள்ளியின் படம் வந்தது, மாப்பிள்ளையின் பெயரோடு. தன் சின்ன கேமராவில் எடுத்ததாம். என் படம் எனக்குத் தெரியாதா? அதற்குக் கண்ணாடி போட்டு, துணி வெட்டும் மேஜைக்கு மேலே மாட்டினார். பேன்ட்டுக்கு அளவு கொடுக்கப் போனால் நேர் எதிரே அதுதான்.

“உங்களது கிடைச்சிருந்தா இதைவிட ஜோரா இருந்திருக்கும் மச்சான்” என்பார், வாயில் குண்டூசியோடு. நானும் சிரித்துவைப்பேன். பன்னிரண்டு வருஷம் சிரித்தேன்.

இந்த வருஷம் முழு சூரிய கிரகணம் வந்தது. சூரியன் முழுசாக மறைந்திருக்கும்போது மட்டும் லென்ஸ் மேல் மாட்டியிருக்கும் ஃபில்டரைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாம். ஒரு நூல் வெளியே வந்தாலும் லென்ஸ் வழியாகக் கண்ணைப் பொசுக்கிவிடும். அதனால் ஒருவர் பார்த்தால் இன்னொருவர் நொடி எண்ண வேண்டும். எண்ணுகிறவன் யார் என்பதில் எங்களுக்குள் பேச்சே வந்ததில்லை.

டெலஸ்கோப்பில் கேமரா தானாகப் படமெடுத்துக்கொள்ளும். மாப்பிள்ளை பார்ப்பதற்கு ஸ்டாண்டோடு ஒரு பெரிய பைனாகுலர் வாங்கிக் கொடுத்தேன். டெலஸ்கோப் என்றால் ஒரு கண்தானே.

மூன்று மாதம் எண்ணிப் பழகினேன். பல் தேய்க்கும்போது, குளிக்கும்போது. எண்களைக் காதுக்குத் தெரியாமல் இழுக்க வேண்டும். சுலபமில்லை.

கிளம்பும்போது தங்கை ஃபிளாஸ்க்கைக் கையில் கொடுத்தாள். “அவர் வானத்தைப் பார்த்தா தன்னை மறந்துடுவார்ணா. நீதான் பார்த்துக்கணும்.” பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

நாங்கள் போன குவாரி மேட்டில் வேறு யாருமில்லை. இருட்டியது. ஃபில்டரை எடுக்கச் சொல்லிவிட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி எண்ண ஆரம்பித்தேன். நூற்று அறுபதில் மூடச் சொல்ல வேண்டும். நூறுவரை நியாயமாக எண்ணினேன். அதற்கப்புறம் இழுத்தேன்.

நூற்று ஐம்பத்திரண்டு சொல்லும்போது என் நிழல் தரையில் திரும்பி வந்தது.

“மச்சான், மோதிரம் மாதிரி மின்னுது. என்ன அழகு.”

“வலது ஓரத்தை விடாதீங்க மாப்பிள்ளை. நூற்று ஐம்பத்து மூணு.”

“கண்ணு கூசுது மச்சான். நேரம் ஆயிடுச்சோ?”

“இன்னும் ஏழு இருக்கு. என் எண்ணிக்கை தப்புமா?”

அவர் கண்ணை எடுக்கவில்லை. கண்ணுக்குள் சுட்டால் வலிக்காது என்று டாக்டர் பிறகு சொன்னார். எனக்கு அது முன்பே தெரியும். நூற்று அறுபதுவரை முழுசாக எண்ணித்தான் மூடச் சொன்னேன்.

இப்போது அவருக்கு ஓரங்கள் தெரிகின்றன, நடுவில் ஒன்றுமில்லை. ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது தங்கைதான். “அண்ணன் என்ன செய்வான், பதட்டத்துல பிசகிடுச்சு” என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்கிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

டெலஸ்கோப்பை நானே வைத்துக்கொள்ளும்படி மாப்பிள்ளை நேற்றுக் கொடுத்தனுப்பினார். பையைத் துடைக்கும்போது குட்டிப் பாக்கெட்டின் மூலையில் தையல் விட்டிருப்பதைப் பார்த்தேன். விரலை விட்டால், லைனிங்குக்குள் இறங்கி ஒரு கார்டு கிடந்தது. இதோ, உங்கள் மேஜைமேல் வைத்திருக்கிறேன்.

கேமராவில் போட்டுப் பார்த்தாயா என்று கேட்கிறீர்கள். இல்லை ஐயா. எதற்குப் பார்க்க வேண்டும்? அதில் என் படம் இருக்காது. நான் கணக்குத் தப்புகிறவனில்லை.