எல்லைத் தென்னை

பட்டுக்கோட்டையிலிருந்து மதியம் இரண்டே காலுக்குப் புறப்பட்ட பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அண்ணன் தம்பி மனைவிமார் என்பது பேச்சிலேயே தெரிந்தது. இரவு புயல் கரையைக் கடக்கும் என்று காலையிலேயே அறிவித்திருந்தார்கள்.

இளையவர் சொன்னார்: "மரம் என் வீட்டு மேலயே விழட்டும்க்கா. வெட்ட மட்டும் விட மாட்டேன்."

"உன்னுது ஓட்டு வீடுடி. சாஞ்சு நிக்கிற தென்னை புயல் தாங்குமா? மரமேறுற ஆளு எங்க தோப்புலதான் மட்டை கழிக்கிறான். சொன்னா இப்பவே வெட்டிருவான்."

"ஆளு கூட ரெடியா வச்சிருக்கீங்க! நம்ம ரெண்டு பங்குக்கும் நடுவுல எல்லைன்னு இருக்கிறது அந்த ஒத்த மரந்தான்."

"கல்லு நட்டிருந்துச்சே?"

"அது எங்க போச்சுன்னு உங்க வீட்டுக்காரரக் கேளுங்க."

மூத்தவர் ஜன்னல் மறைப்பை இறக்கிவிட்டார். மழை தொடங்கியிருந்தது.

"சரி, வெட்ட வேணாம். ராத்திரிக்கு எல்லாரும் எங்க மாடி வீட்டுக்கு வந்து படுங்க."

"வந்து படுத்தா, காலையில மரம் புயல்ல விழுந்துருச்சும்பீங்க. வெட்டுன மரமா விழுந்த மரமான்னு யாரு பாத்தா?"

"அடிப்பாவி! புள்ளைங்களயாவது அனுப்புடி."

இளையவர் தலையாட்டினார்.

"புள்ளைங்கள அனுப்புறேன். நாங்க ரெண்டு பேரும் வீட்லயே இருக்கோம். மரத்துக்குக் காவல் வேணும்ல?"