விடுதலைப் பத்திரம்

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தையலோடு எழுதப் படிக்கவும் சொல்லித்தரும் மகளிர் வகுப்புக்குப் போகிறவர்கள் என்பது அவர்கள் பேச்சிலேயே தெரிந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்கவள் திடீரென்று சொன்னாள்:

"விடுதலைன்னா நல்ல வார்த்தைன்னுல்ல நெனச்சிருந்தேன்."

"ஏன்க்கா, என்னாச்சு?" என்றாள் இளையவள்.

"நேத்து மம்சாபுரத்துலருந்து தம்பி வந்தான். அப்பா நிலத்துக்குப் பட்டா மாத்தணும், ஒரு ரேகை வையிக்கான்னான். நாமதான் இப்பப் படிக்கோமேன்னு வாங்கி எழுத்துக்கூட்டுனேன். மேல 'விடுதலைப் பத்திரம்'னு இருந்துச்சு. அந்த ரெண்டு வார்த்தைக்கே செத்த நேரமாச்சு. இதுக்கு என்னலே அர்த்தம்னு கேட்டேன். தலையக் குனிஞ்சுக்கிட்டான். பொறவு பக்கத்து வீட்டு டீச்சர்ட்டக் காட்டுனேன். நான் எம் பங்க விட்டுக்கொடுத்துட்டேன்னு எழுதிருக்காம்."

"ரேகை வச்சியளா?"

"இல்ல. மடிச்சு அவன் கையிலயே கொடுத்துட்டேன். சாப்பிட்டுப் போலேன்னேன். சாப்பிடாமப் போயிட்டான்."

இளையவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நிலம் வேணும்க்கான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, படிக்காமலே ரேகை வச்சிருப்பேன்" என்றாள் மூத்தவள்.

"இப்ப வந்து கேட்டா?"

வண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பியது. அவள் துணிப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"கொடுப்பேன். ஆனா முழுசாப் படிச்சுப் பாத்துட்டு, எம் பேர நானே எழுதிக் கொடுப்பேன்."