மேல்மாடி காலி

வேலைநாளொன்றில் வீட்டில் இருப்பது, ஐயா, மிகவும் இனிமையானது. வீட்டுவரி மதிப்பீட்டை எதிர்த்து முறையிடும் ஊழியருக்கு எங்கள் அலுவலகத்தில் ஊதியத்துடன் ஒருநாள் விடுப்பு உண்டு. ஒருநாள் மட்டுமே. வீட்டைப் பார்வையிட வரும் அதிகாரி கையொப்பமிட்ட சான்றை அன்று மாலை ஐந்து மணிக்குள் அலுவலகத்தில் சேர்த்துவிட வேண்டும்.

மேல்மாடி அறையைக் குடியிருப்பு என்று எழுதி வரியை உயர்த்தியிருந்தார்கள். அது வெறும் சாமான் அறை என்று நான் முறையிட்டேன். அவ்வறையில் என் அக்கா சரசம்மா, கால்கள் விளங்காமல், பதினோரு ஆண்டுகளாகப் படுத்திருந்தாள். ஆகவே அன்று காலை ஒன்பது மணிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கி, கொல்லையிலுள்ள விறகுப்புரையில் பாய் விரித்துக் கிடத்தினேன். புரைக்குத் தகரக் கூரை. மாதம் ஏப்ரல்.

“ஒரு நாள் லீவுக்கு என்னையும் சாமானம் ஆக்கிட்டியேடா,” என்று சிரித்தாள். “கதவச் சாத்தண்டாம். மூச்சு முட்டும், கேட்டியா?”

“பத்து மணிக்கு வந்துருவாருக்கா. சத்தம் காட்டாம கிட.”

வெளியே பூட்டினேன்.

பத்துக்கு அவர் வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். சட்டையை மூன்று முறை மாற்றினேன். அக்கா தண்ணீர்ச் செம்பால் கதவைத் தட்டினாள். செம்பை நிரப்பிக் கொடுத்திருக்கலாம். ஆனால் கதவு திறந்திருக்கும் அந்நேரத்தில் அதிகாரி வந்துவிட்டால்? இன்னொரு விடுப்பு கிடையாது. இரண்டு மணிக்குத் தட்டல் நின்றது. அக்கா நிலைமையைப் புரிந்துகொண்டாள் என்று நிம்மதியடைந்தேன்.

அதிகாரி பிரஜின் மூன்றரைக்கு வந்தார்.

“ரோட்டு பிளாக்குல மாட்டிக்கிட்டேன், சேட்டா. மேல ஆரும் குடி தாமசம் இல்லல்லோ?”

“இல்ல சார். சாமானம் மட்டுந்தான்.”

கட்டிலின்மேல் பழைய செய்தித்தாள்களை அடுக்கி வைத்திருந்தேன். அவர் பார்த்தார், கையொப்பமிட்டார். அப்போது மணி நான்கு. ஐந்துக்குள் சான்றைச் சேர்க்க வேண்டுமல்லவா? எனவே நேரே அலுவலகம் இருக்கும் தம்பானூருக்குப் பேருந்து ஏறினேன். சான்று ஏற்கப்பட்டது. திரும்பி வந்து பூட்டைத் திறந்தபோது ஆறரை. செம்பு அவள் கையிலேயே இருந்தது.

பூட்டியவன் நானே. தட்டியதைக் கேட்டவனும் நானே. இவற்றை நான் மறுக்கவில்லை. ஆயினும் முறையீட்டில் நான் பொய்யுரைத்ததாகவும் குற்றப்பத்திரிகையில் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குற்றச்சாட்டை மட்டும் அருள்கூர்ந்து நீக்கிவிடுங்கள், ஐயா. வேண்டுமானால் நேரில் சென்று பாருங்கள். மேல்மாடியில் எவரும் வசிக்கவில்லை.