இரண்டு வினாடி முகம்

நான் ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கவே பயப்படுகிற ஆள், சார். எவ்வளவு அவசரமானாலும் தாம்பரத்தில் நடைமேம்பாலம் ஏறித்தான் போவேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாளைக்குப் பேப்பரில் என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று எழுதுவார்கள். நான் அப்படி இல்லை. எனக்கு எதைப் பார்த்தாலும் பயம். நடந்தது எல்லாமே பயத்தில் நடந்ததுதான்.

என் பெயர் ஷ்யாம்சுந்தர், வயது நாற்பத்தொன்று. சிட்லபாக்கத்தில் ஒரு வீட்டு மாடியில் எங்கள் வீடியோ கேம் கம்பெனி. மொத்தம் ஆறு பேர். போன வருஷம் ஒரு பெரிய சண்டை விளையாட்டில் எங்களுக்கும் ஓர் இடம் கிடைத்தது. பல கம்பெனிகளின் வீரர்களை ஒரே களத்தில் மோதவிடுகிற விளையாட்டு அது. எங்கள் பங்குக்கு ஒரு ஜோடி. அக்கா முகிலி, தம்பி தீரன். ஒருவர் சண்டை போடும்போது மற்றவர் பின்னால் நின்று கைகொடுப்பார். பட்டனை அழுத்தினால் ஆள் மாறும். தம்பி விழுந்துவிட்டால் மீதி ஆட்டத்தை அக்கா தனியாக ஆட வேண்டும். அப்போது அவளுடைய ஒவ்வொரு அடியும் இரண்டு மடங்கு பலமாகும். அது என் யோசனை. எல்லோருக்கும் பிடித்திருந்தது.

சிக்கல் அக்காவின் முகத்தில்தான் வந்தது. தம்பி விழுவதை அவள் பார்க்கிற காட்சி, இரண்டே வினாடி. எங்கள் வழக்கம் என்னவென்றால், ஒரு அசைவை வரைவதற்கு முன்னால் நாங்களே நடித்து வீடியோ எடுப்போம். அதைப் பார்த்துத்தான் வரைவோம். முகிலியை வரைந்தவள் ஸஹானா. அவளேதான் முகிலியாக நடித்தாள். தீரனாக நடிக்க அவளுடைய சொந்தத் தம்பி நிகில் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். வேறு வேலையில் இருந்தவன், அக்காவுக்காக வந்தான். நல்ல பையன். என்னை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவான்.

அந்த இரண்டு வினாடியை, விளையாட்டைத் தயாரிக்கிற வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். தம்பியைப் பறிகொடுத்தவள் மாதிரி இல்லை, பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி இருக்கிறாள் என்று எழுதியிருந்தார்கள். மூன்றாவது தடவையும் சரியில்லை என்றால் எங்கள் இடம் வேறு கம்பெனிக்குப் போய்விடும். இந்த வயதில் என்னை யார் சார் வேலைக்கு எடுப்பார்கள்? ராத்தூக்கம் போயிற்று. சாப்பாடு இறங்கவில்லை.

ஸஹானாவிடம் பொறுமையாகத்தான் கேட்டேன். அவள் சொன்னாள், “என்ன பண்றது அண்ணா, அவன் எழுந்து வந்து கிண்டல் பண்ணுவான்னு எனக்குத் தெரியுமே. அப்புறம் எப்படி பயம் வரும்?”

நிகில் பக்கத்தில் உட்கார்ந்து சமோசா தின்றுகொண்டிருந்தான். “உன் நடிப்புக்கு நான் நெஜமா செத்தாக்கூட தேறாது, விடு,” என்றான். மூன்று பேரும் சிரித்தோம். அவள் சொன்னது நியாயம் என்று எனக்குப் பட்டது. தெரிந்துகொண்டே எப்படிப் பயப்பட முடியும்?

விழுகிற காட்சிகளை முடிச்சூரில் எடுப்போம். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் அங்கே கட்டிக்கொண்டிருக்கிற வீடு, பாதியில் நிற்கிறது. வெள்ளம் வந்த பிறகு அந்தப் பக்கம் எல்லோரும் கார் நிறுத்துகிற தளத்தை நன்றாக உயர்த்தித்தான் கட்டுகிறார்கள். அதனால் முதல் மாடியின் விளிம்பு பதினான்கு அடி உயரம். கைப்பிடிச் சுவர் இன்னும் வைக்கவில்லை. நிகில் அங்கே நின்று, அடிபட்டவன் மாதிரி முதுகைக் காட்டிச் சாய்வான். கீழே தடிமனான ஃபோம் மெத்தை. அதை எங்கே போட வேண்டும் என்பதற்குத் தரையில் ஒரு சாக்பீஸ் கோடு. சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி. முதல் நாள் மணல் மூட்டையைத் தள்ளிப் பார்த்து நான்தான் அந்தக் கோட்டைப் போட்டேன். அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் ஸஹானாதான் கோட்டைப் பார்த்து மெத்தையைப் போடுவாள். போட்டுவிட்டு அவளே குரல் கொடுப்பாள். அக்கா சொன்னால்தான் விழுவேன் என்று நிகில் பிடிவாதமாகச் சொல்லியிருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு மணி நேரம் முன்னாலேயே போனேன். பழைய கோட்டை ஈரத்துணியால் துடைத்தேன். சுவரிலிருந்து ஐந்தடி தள்ளிப் புதுக்கோடு போட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. யாரையும் தொடவில்லை.

ஸஹானா வந்தாள், மெத்தையைக் கோட்டோடு சேர்த்துப் போட்டாள், தள்ளி நின்றாள். “ரெடிடா, விழு,” என்றாள். அவன் விழுந்தான்.

அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, சார். ஆனால் இரண்டு கேமராவையும் விட்டு நகரவில்லை. அவள் ஓடவில்லை, கத்தவில்லை. வாய் மட்டும் லேசாகத் திறந்தது. பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். எல்லாம் இரண்டு வினாடிக்குள். ஆம்புலன்ஸில் அவனோடு அவளையும் ஏற்றிவிட்டு, பின்னால் வருகிறேன் என்று சொன்னேன். புதிதாகப் போட்ட கோட்டைத் துடைத்தேன். பழைய இடத்தில் கோடு போட்டேன். மறுநாள் காலையில் நிகில் போய்விட்டான்.

அதற்குப் பிறகு எல்லோரும் கோட்டையும் மெத்தையையும் பார்த்தார்கள். கோடு ஒரு பக்கம், மெத்தை ஒரு பக்கம். அவள்தான் கவனமில்லாமல் போட்டுவிட்டாள் என்று முடிவாயிற்று. “கோட்டப் பார்த்துத்தான் போட்டேன், சத்தியமா கோட்டப் பார்த்துத்தான் போட்டேன்,” என்று முதல் வாரம் முழுக்கச் சொன்னாள். இரண்டாம் வாரம், “எனக்கே தெரியலை அண்ணா, நான் என்ன பண்ணேன்னு எனக்கே தெரியலை,” என்றாள். நான் தினமும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அப்பாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்து வீட்டுக்கு வந்து பார்த்தால் மெயில் வந்திருந்தது. முகிலியின் முகத்தை ஏற்றுக்கொண்டார்கள். வீடியோவை வைத்து நானே வரைந்து அனுப்பியிருந்தேன். அந்த நிலைமையில் அவளை வரையச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நீங்கள் நேற்று வந்து, “விழுந்தது பையன். ரெண்டு கேமராவும் பொண்ணு மூஞ்சிய பார்த்து இன்னாத்துக்கு சார் வெச்சிருந்தே?” என்று கேட்டபோது, லோகநாதன் சார், எனக்கு உயிரே போய்விட்டது. ஆனாலும் நான் இன்றைக்கு ஸ்டேஷனுக்கு வந்தது உங்களுக்குப் பயந்து இல்லை. ஸஹானா இப்போது சாப்பிடுவதில்லை. மாடிப்படி ஏற மாட்டேன் என்கிறாள். தம்பியை நான்தான் கொன்றேன் என்று அப்பாவிடமே சொல்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. நிகிலை நான்தான் கொன்றேன். அவன் உயிரோடு எழுந்தால் அந்த முகம் வராது என்று தெரிந்துதான் கோட்டை மாற்றினேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவளுக்கு நிம்மதி வரட்டும்.

ஒரே ஒரு உதவி மட்டும் செய்ய வேண்டும், சார். இதை அவளிடம் சொல்லும்போது என்னையும் அங்கே கொஞ்சம் நிற்க வையுங்கள். கூட நின்றவனே துரோகி என்று தெரிந்துகொள்கிறவளின் முகம், அது என்னிடம் இன்னும் இல்லை.