கன்னத்தில் இரண்டு விரல்

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஐயா. குறை சொல்லவில்லை, நம் ஜார்ஜியா மாநிலத்துக்காரர்களுக்கு அந்த விஷயத்தில் கை தாராளம். மேடை ஏறுமுன் என் மகள் டெசாவுக்கும் நாக்கில் சர்க்கரைத் தூள் தட்டிவிடுவேன். ஐந்து வயதுப் பிள்ளை. களைப்பு முகத்தில் தெரியக்கூடாது அல்லவா?

குழந்தைகள் அழகிப் போட்டியை நீங்கள் பார்த்ததில்லை என்கிறீர்கள். சொல்கிறேன். நடுவர்கள் மேடையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். அம்மாக்கள் நாங்கள் அவர்களுக்குப் பின்னால் நிற்போம். நாங்கள் சுற்றினால் பிள்ளை சுற்றும். முத்தத்தைப் பறக்கவிட்டால் அதுவும் பறக்கவிடும். கன்னத்தில் இரண்டு விரலை வைத்தால் எங்கள் வீட்டில் ஒரே அர்த்தம்தான்: சிரி.

அதைப் பழக்கத்தான் பாடுபட்டேன். முடியைச் சுருட்டும் சூட்டுக்கோல் காதில் பட்டால் எந்தப் பிள்ளையும் கத்தும். டெசாவும் முதலில் ஊரைக் கூட்டினாள். நான் அடித்ததே இல்லை. விரலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். அவள் சிரித்த பிறகுதான் கோலைக் காதிலிருந்து எடுப்பேன். சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். கெட்டிக்காரி.

ஒருநாள் என் கணவர் வேட் கதவோரம் நின்று பார்த்துவிட்டார்.

"பிள்ளைக்கு வலிக்குதுடி, நோரீன்."

"வலிச்சா சிரிப்பாளா? உங்க தங்கச்சி மாதிரி மூஞ்சிய உம்முனு வச்சுக்கிட்டுத் திரியணுமாக்கும்."

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை டெசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சனிக்கிழமை மாநிலப் பட்டம். போன வருடம் அந்தக் கிரீடத்தைத் தட்டிக்கொண்டு போனது டார்லா ப்ரூயட்டின் மகள். முன்பல் விழுந்த பிள்ளை, பொய்ப்பல் மாட்டி ஜெயித்தது. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"குத்துதும்மா," என்றாள்.

"கவுனைப் போட்டுப் பாரு செல்லம், எல்லாம் பறந்துடும்."

வெள்ளிக்கிழமை எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுத்தாள். இடுப்பு இறங்கி கவுன் கச்சிதமாகப் பொருந்தியது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வேட்தான் என் பேச்சைக் கேட்காமல் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். கிளம்புமுன் நான், உடம்புச் சூடு தெரியாமலிருக்க, அவளுக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்துவிட்டேன். வேட் வெளியே வண்டியை நிறுத்தப் போன நேரத்தில் டாக்டர் வந்தார். சின்ன வயது, நல்ல மனிதர். வாந்தி உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். குனிந்து வயிற்றின் வலப்பக்கத்தை அழுத்தினார்.

"இங்க வலிக்குதா கண்ணு?"

டெசா அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் பார்த்தாள். நான் அங்கேதான் நின்றிருந்தேன். இரண்டு விரலைக் கன்னத்தில் வைத்தேன்.

எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தாள்.

"அடேங்கப்பா, என்னா சிரிப்பு," என்றார் டாக்டர். "சாதாரண வயிற்றுக்கோளாறுதான். காய்ச்சல் வந்தா உடனே தூக்கிட்டு வாங்க." காய்ச்சல் அன்று இரவே திரும்ப வந்தது. மறுபடி மருந்து கொடுத்து, வேட்டிடம் தூங்குகிறாள் என்று சொன்னேன்.

அந்த டாக்டரைக் குறை சொல்லாதீர்கள். நடுவர்களைப் போலத்தான் அவராலும் பின்னால் நிற்கும் என்னைப் பார்க்க முடியாது. நான் தெரிந்தேதான் செய்தேன். ஒரு நாள்தானே, பட்டம் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

சனிக்கிழமை மேடையில் ஒரு அடி பிசகவில்லை. டார்லாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கிரீடம் வைத்த தலையோடு உடைமாற்றும் அறையில் போய்ப் படுத்தவள்தான். உள்ளே குடல்வால் முன்பே வெடித்திருந்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

கட்டிலைச் சுற்றி எல்லோரும் அழுதார்கள். வேட் என்னைக் கிட்டவே விடவில்லை; சுவரோரம் நின்றேன். டெசா கண்ணைத் திறந்து என்னைத் தேடினாள். சத்தியமாகச் சொல்கிறேன், ஐயா, அப்போது நான் விரலைத் தூக்கவே இல்லை. அவளாகவேதான் சிரித்தாள். அந்தச் சிரிப்போடுதான் போனாள்.

வலி இருந்தால் ஒரு குழந்தை அப்படிச் சிரிக்குமா, நீங்களே சொல்லுங்கள்.