ஐந்தரை மணிச் சங்கு

நார்மன்: இன்னும் எவ்வளவு நேரம்டா?

கிளைவ்: பத்து நிமிஷம். அஞ்சரைக்குத்தான் ஊதுவாங்க.

நார்மன்: கிட்டார்க் கம்பியெல்லாம் தொளதொளன்னு கிடக்கு. ஈரத்துணி காயப்போடலாம் இதுல.

கிளைவ்: சங்கு ஊதட்டும். சுருதி சேர்த்துக்கலாம்.

நார்மன்: சேர்க்கறதாவது... இன்னும் இறக்குவோம்னு சொல்லு. ஜனவரியிலேர்ந்து மூணு சுரம் கீழ வந்தாச்சு. ஊருல இருக்கற பாண்டுக்காரன் எல்லாம் இசைக்கவை வெச்சுச் சுருதி சேர்க்கறான். நாம சங்கிலிப் பட்டறைச் சங்கை வெச்சுச் சேர்க்கறோம்.

கிளைவ்: இருந்த ஒரே இசைக்கவையை லெஸ்லி பெயின்ட் டப்பா திறக்க எடுத்துட்டுப் போனான்.

நார்மன்: அவன் ட்ரம்ஸ்காரன். அவனுக்கு அது டப்பா திறக்கற கம்பிதான்.

கிளைவ்: கீழ பப்புல பியானோ இருக்கு, வேணும்னா போய்...

நார்மன்: அதுக்குள்ள பத்து வருஷத்துப் பீர் இருக்கு. அமுக்கினா நுரைதான் வருது.

கிளைவ்: சரி, என் கிட்டாரை எடுத்துக் குடு.

நார்மன்: உன் காலடியிலதானே கிடக்கு?

கிளைவ்: நீ பக்கத்துல இருக்கே.

நார்மன்: நான் ஜன்னல்கிட்ட இருக்கேன்.

கிளைவ்: சரி விடு. அப்புறம் எடுத்துக்கறேன்.

நார்மன்: என்னடா வாசனை இது? தைலம் மாதிரி...

கிளைவ்: பாய்லர் எண்ணெய்.

நார்மன்: நீ கரி போடற பட்டறைப் பாய்லருக்குக் கற்பூரம் போட்ட எண்ணெயா ஊத்தறே?

கிளைவ்: பழைய பாய்லர்.

நார்மன்: பேப்பர் பாத்தியா? பர்மிங்காம் பேப்பர்ல நம்மளைப் பத்தி எழுதியிருக்கான். "பூமிக்கு அடியிலேர்ந்து வர்ற இசை. இவ்வளவு கனமா இதுவரைக்கும் யாரும் வாசிச்சதில்ல." உன்னைப் பத்தியும் ரெண்டு வரி இருக்கு.

கிளைவ்: என்னவாம்?

நார்மன்: "பேஸ் கிட்டார் வாசிக்கும் கிளைவ் கல்லறைக் கல் போல அசையாமல் நிற்கிறார். அந்த நிலையில் ஒரு பயங்கரம் இருக்கிறது."

கிளைவ்: ம்.

நார்மன்: ஏன் சுருதியை இறக்கினீங்கன்னு என்கிட்ட கேட்டான். நான், மனுஷனோட அடிமன இருட்டைச் சொல்லணும்னு ரொம்ப நாள் யோசிச்சோம்னு சொல்லிட்டேன்.

கிளைவ்: யோசிச்சோமா?

நார்மன்: பின்ன, பட்டறைச் சங்கு இறங்குது, நாங்களும் கூடவே இறங்கறோம்னா சொல்ல முடியும்? செவ்வாய்க்கிழமை கச்சேரி ஏற்பாடு பண்ற லண்டன்காரர் வேற வரச் சொல்லியிருக்கார். அந்தச் சத்தம் அப்படியே வேணும்னாராம். பிடிச்சுப்போச்சுன்னா ஆறு மாசத்துக்கு ஊர் ஊரா வாசிப்பு. நீயும் கரியைத் தலைமுழுகலாம்.

கிளைவ்: கரி என்னைத் தலைமுழுகிடுச்சு. திங்கக்கிழமையிலேர்ந்து மின்சாரச் சங்கு.

நார்மன்: அப்ப பாய்லர்?

கிளைவ்: இன்னியோட அணைக்கறாங்க. மிஷினெல்லாம் எப்பவோ மின்சாரத்துக்குப் போயாச்சு. சங்குக்கும் கொட்டகையைச் சூடாக்கறதுக்கும்தான் அது எரிஞ்சிட்டிருந்துது.

நார்மன்: அப்ப நீ?

கிளைவ்: மேஸ்திரி கை குடுத்தார். நல்லா கரி போட்டேப்பான்னார்.

நார்மன்: அவ்வளவுதானா?

கிளைவ்: வினிகர்ல ஊறவெச்ச முட்டை ஒண்ணு குடுத்தார்.

நார்மன்: ...செவ்வாய்க்கிழமை ஒழுங்கா நடக்கணும்டா.

கிளைவ்: நடக்கணும். எனக்கு வேற வழி இல்ல. அதான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். டெஸ்மண்ட் பாட வர்றதுக்கு முன்னாடி.

நார்மன்: சொல்லு.

கிளைவ்: சங்கு தானா இறங்கல. நான்தான் இறக்கினேன்.

நார்மன்: என்னது?

கிளைவ்: கரி கம்மியாப் போட்டா ஆவி கம்மி. ஆவி கம்மியானா சங்கோட சுருதியும் இறங்கிடும். வாரத்துக்கு ரெண்டு மண்வாரி கரி கொறைச்சுக்கிட்டே வந்தேன்.

நார்மன்: நான் இங்க பியானோக் கம்பி கணக்கா தடிக் கம்பி வாங்கி மாட்டி விரலெல்லாம் புண்ணு... எதுக்குடா?

கிளைவ்: டெஸ்மண்டுக்காக. ஜனவரியில அந்த மேல் சுரத்துல அவனுக்குக் குரல் உடைஞ்சுதே, ஞாபகம் இருக்கா? நாள் பூரா டட்லி பஸ்ல நின்னு டிக்கெட் டிக்கெட்னு கத்தற தொண்டை. போயிடுச்சுன்னு நினைச்சேன்.

நார்மன்: அவன்கிட்டயே சொல்லியிருக்கலாமே?

கிளைவ்: அவங்கப்பா குரல் போன பிறகும் கல்யாணம் கல்யாணமாப் போய்ப் பாடினார். சனம் சிரிச்சுது. தனக்கு அந்த நிலை வந்தா அன்னிக்கே பாட்டை விட்டுடுவேன்னு டெஸ்மண்ட் சத்தியமே பண்ணியிருக்கான். அதான், சங்கை இறக்கினா அதே சுரம்தான் எட்டறோம்னு நினைச்சுக்குவான்னு...

நார்மன்: லண்டன்ல பியானோ இருக்கும். பீர் ஊத்தாத பியானோ. ஒரு கட்டையை அமுக்கினா அவனுக்குத் தெரிஞ்சிடும்.

கிளைவ்: அதான். நீ பக்குவமா எடுத்துச் சொல்லு.

நார்மன்: நானா? எட்டு மாசம் சங்கை ஏமாத்தினவன் நீ.

டெஸ்மண்ட்: யாரு யாரை ஏமாத்தினது? அப்பா... இந்த மாடிப்படி வரவர நீளமாகுது. ஒரு நாற்காலி தள்ளு.

நார்மன்: வாடா. கிளைவ் உன்கிட்ட ஏதோ சொல்லணுமாம்.

கிளைவ்: நார்மன்தான் சொல்லணும்னான்.

டெஸ்மண்ட்: யாராவது ஒருத்தர் சொல்லுங்கப்பா. காலையிலேர்ந்து நின்னுட்டே வரேன்.

நார்மன்: உன் தொண்டை போச்சுன்னு இவன் பாய்லர்ல கரியைக் கொறைச்சுச் சங்கை இறக்கியிருக்கான்.

கிளைவ்: இதுதான் பக்குவமா?

டெஸ்மண்ட்: என் தொண்டையா?

நார்மன்: ஜனவரியில உடைஞ்சுதே.

டெஸ்மண்ட்: அது சளி. ஒரு வாரத்துல போயிடுச்சு. ஞாயித்துக்கிழமை ஜெபக்கூடத்துல இன்னும் மேல்கட்டைதான் பாடறேன். அங்க இருக்கற ஆர்கன் ஒண்ணும் இறங்கல.

நார்மன்: எங்க, பாடு.

டெஸ்மண்ட்: ஆஆஆஆ...

நார்மன்: போதும் போதும். கீழ நாய் எழுந்திடுச்சு.

கிளைவ்: அப்ப... எட்டு மாசமா நீ ஏன் ஒண்ணும் சொல்லல?

டெஸ்மண்ட்: சங்கு இறங்கறதைக் கேட்டேன். உனக்குக் கரி அள்ள முடியல போலன்னு நினைச்சேன்.

கிளைவ்: எனக்கா?

டெஸ்மண்ட்: சங்கு ஏன் இப்படிக் கம்முதுன்னு நான் ஒரு வார்த்தை கேட்டா, நார்மன் கீழ போய்ச் சொல்வான். கீழ சொன்னா மேஸ்திரி காதுக்குப் போகும். வேலை போயிடும் உனக்கு. அதான் அது இறங்க இறங்க நானும் இறங்கிட்டேன். வயித்துலேர்ந்து பாடப் பழகிட்டேன். கஷ்டமாத்தான் இருந்துச்சு.

நார்மன்: நல்லா இருக்குடா. ஒருத்தனுக்குத் தொண்டை போகல. ஒருத்தனுக்குக் கரி அள்ள முடியும். என் விரல் மட்டும்தான் நிஜமாப் போச்சு. இதைத்தான் அந்தப் பேப்பர்காரன் பூமிக்கு அடியிலேர்ந்து வருதுன்னு எழுதியிருக்கான்.

டெஸ்மண்ட்: லண்டன்ல சொல்லாதே.

நார்மன்: சொன்னா யாரு நம்புவா?

டெஸ்மண்ட்: ஷ்ஷ்... ஊதுது.

நார்மன்: இரு, இரு... இந்தக் கம்பியைப் பிடிச்சுக்கறேன்...

டெஸ்மண்ட்: என்னடா இது, மாடு செத்துக்கிட்டே கத்தற மாதிரி.

நார்மன்: நேத்தைவிடக் கீழ. எப்பவும் இவ்வளவு கீழ வந்ததே இல்ல.

டெஸ்மண்ட்: இன்னிக்கு ஏன்டா இவ்வளவு இறக்கினே? கிளைவ்?

நார்மன்: டேய், உன்னைத்தான்.

கிளைவ்: ...இறக்கல.

டெஸ்மண்ட்: பின்ன?

கிளைவ்: கடைசி நாளாச்சே, ஒரு தடவை பழைய சத்தத்துக்கு ஏத்திடலாம்னு காலையிலேர்ந்து அள்ளினேன். பதினோரு மண்வாரிதான் போட்டேன். அதுக்கு மேல குனிய இடுப்பு விடல. நார்மன்... அந்தக் கிட்டாரைக் கொஞ்சம் எடுத்துக் குடு.