ஓநாய்க்கு ஒரு போர்டு

தொண்ணூறுகளில் ஒரு வெள்ளிக்கிழமை. சவூதியில் ஜுபைலிலிருந்து தம்மாம் போகும் கம்பெனி பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு நாகர்கோவில்காரர்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

“ஓநாய்க்கும் போர்டு வச்சாச்சு மக்கா.”

“என்ன போர்டுடே?”

“நமக்கு விசா குடுத்த கபீலுக்க ஆட்டுப் பண்ணையில ஓநாய்த் தொல்லைன்னு மைல் கணக்குல வேலி போட்டோம். கம்பெனி பிளான்டைச் சுத்தி வேலி போட்டுப் பழகுன கையில்லா? முடிச்சதும் வழக்கம்போல, ‘பெர்மிட் இல்லாம உள்ள வரக்கூடாது’ன்னு அரபியில போர்டையும் மாட்டிட்டோம்.”

“பொறவு? ஓநாய் வந்துதா?”

“அது வரல்ல. புல்லு கொண்டுவந்த லாரிக்காரன் போர்டைப் படிச்சிட்டுத் திரும்பிப் போயிட்டான். ஆடெல்லாம் பசியில ஒரே கத்து.”

“கபீல் போர்டைக் கழட்டச் சொல்லியிருப்பாரே?”

“இல்லடே. ஓநாய் வரல்லல்லா, போர்டு இருக்கட்டும்னாரு. லாரிக்காரனுக்குப் பெர்மிட் எழுதிக் குடுத்தாரு.”